எழுத்துகளோடு விளையாடிய அறிஞர் லூயிஸ் கரோல்



ஆங்கிலப் பாடவேளை வந்ததும் நம் பிள்ளைகளுள் சிலருக்கு முகம் வாடிவிடுவதை நாம் காண்கிறோம். காரணம் கேட்டால் எழுத்துக்கூட்டல் வரவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்றாகவும் ஒலிப்பது வேறொன்றாகவும் இருக்கின்றது. தாளில் எழுந்து நிற்கும் எழுத்துகளுள் பல, வாயால் சொல்லும்போது காணாமற் போய்விடுகின்றன. காதை மட்டும் நம்பி எழுதும் பிள்ளை ஏமாந்து போகின்றது.

பிள்ளைகளை இவ்வாறு அஞ்ச வைக்கும் எழுத்துகளையே விளையாட்டுப் பொருள்களாக்கி, உலகச் சிறுவர்களின் கையில் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். லூயிஸ் கரோல் என்னும் பெயரை உங்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முயல் ஒன்றைத் துரத்திச் சென்று, அதன் வளைக்குள் விழுந்து, விந்தையான ஓர் உலகத்தை அடைந்த ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை எழுதியவர் அவரே. அந்தக் கதையை அறிந்தவர்கள் பலராயினும், அவர் ஆக்கிய சொல் விளையாட்டுகளை அறிந்தவர்கள் சிலரே. ஆகவே, அவருடைய வாழ்க்கை வரலாற்றை, அவ்விளையாட்டுகளோடு சேர்த்து இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன் என்பதாகும். டாட்சன் என்னும் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ‘ஜி’ என்னும் எழுத்து ஒன்று வரும். ஆயினும், குடும்பத்தார் அதனை ஒலிப்பதில்லை. ஒலிக்காத எழுத்து ஒன்று பிறவியிலேயே அவருடன் ஒட்டிக்கொண்டு வந்தது எனலாம்.

அவர் 1832-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் செஷயர் மாவட்டத்திலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையில் குருவாகப் பணியாற்றியவர், கணிதத்தில் தேர்ந்தவர். அக்குடும்பத்தில் பிள்ளைகள் பதினொருவர். அவர்களுள் சார்லஸ் மூன்றாவது பிள்ளை. ஆண் மக்களுள் மூத்தவர். சார்லஸ் பள்ளிக்குச் செல்லும் முன்னர்ப் பெற்றோரே வீட்டில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர்.

இளமையிலேயே இரண்டு குறைகள் அவரைத் தொடர்ந்தன. நோயின் காரணமாக அவருடைய வலக்காது செவிடாயிற்று. மற்றொரு குறை அதனினும் பெரிய துன்பத்தைத் தந்தது. அவருக்குத் திக்குவாய். உடன்பிறந்தோர் பலருக்கும் அக்குறை இருந்தது. சொல்ல வேண்டிய சொல் உள்ளத்தில் தெளிவாக நிற்கும். நாவோ அதனை வெளியே விடாது. நாலு பேர் முன்னிலையில் பேச எழுந்து, முதற் சொல்லிலேயே தடைப்பட்டு நிற்கும் பிள்ளையின் வேதனை எத்தகையது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். இந்தத் துன்பம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

வீட்டிலே ஓர் இதழ்

1843-ஆம் ஆண்டு தந்தையாருக்கு யார்க்ஷயரிலுள்ள கிராஃப்ட் என்னும் ஊரில் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அப்பொழுது சார்லசுக்கு வயது பதினொன்று. திரையரங்கு இல்லை, வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. தம்பி தங்கையரை மகிழ்விக்கும் பொறுப்பு மூத்த மகன் மீது விழுந்தது. அவர் தோட்டத்தில் இரயில் வண்டி விளையாட்டு ஒன்றை அமைத்தார், பொம்மலாட்டம் நடத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் எழுதிய குடும்ப இதழ்களை நடத்தினார்.

மாணவர்களே, இன்று உங்கள் கையில் இருக்கும் இந்த ஆண்டு மலரைப் போல, அந்தச் சிறுவரும் தம் வீட்டாருக்காக இதழ் ஒன்றை ஆக்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டும் கதையும் படமும் புதிரும் அதில் இருந்தன. அவ்வாறு அடுத்தடுத்துப் பல இதழ்கள் வெளிவந்தன. அவற்றுள் கடைசி இதழுக்கு அவர் இட்ட பெயர் ‘மிஷ்மாஷ்’. அது ஜெர்மானிய மொழிச் சொல். பல பொருள்கள் ஒன்றாகக் கலந்த கலவை என்று பொருள்படும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இதனை மீண்டும் சந்திப்போம்.

பேச்சிலே தடுமாறிய பிள்ளை, எழுத்திலே தடுமாறவில்லை. தாளில் எழுதும்போது எந்த எழுத்தும் அவருக்குத் தடை போடவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம், இடம் மாற்றி அடுக்கலாம், காத்திருப்போர் எவருமில்லை, நகைப்போரும் எவருமில்லை. சொல்லோடும் எழுத்தோடும் அவர் கொண்ட நட்பு இவ்வாறுதான் வேரூன்றியது என்று நாம் கருதுகிறோம்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

ரிச்மண்டு நகரப் பள்ளியிலும், பின்னர்ப் புகழ்பெற்ற ரக்பி பள்ளியிலும் அவர் பயின்றார். ரக்பியில் தங்கிப் படித்த ஆண்டுகள் அவருக்கு இனிமையானவையாக இல்லை. எனினும், படிப்பில், குறிப்பாகக் கணிதத்தில், அவர் சிறந்து விளங்கினார்.

1851-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் பயிலச் சென்றார். சென்ற இரண்டாம் நாளே தாயார் காலமான செய்தி வந்தது. பத்தொன்பது வயதை எட்டவிருந்த அந்த இளைஞர் துயரத்தோடு வீடு திரும்பினார். பின்னர் மீண்டும் கல்லூரிக்குச் சென்று, தளராமல் பயின்று, 1854-ஆம் ஆண்டு கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1855-ஆம் ஆண்டு முதல் 1881-ஆம் ஆண்டு வரை அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராகப் பணியாற்றினார். திருமணம் செய்து கொள்ளவில்லை. வாழ்நாள் இறுதிவரை கல்லூரியிலேயே தங்கியிருந்தார்.

1861-ஆம் ஆண்டு அவர் திருச்சபையில் உதவிக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயினும், முழுக் குருவாக ஆகவில்லை. மேடையேறிப் போதனை செய்வதற்குத் திக்குவாய் பெருந்தடையாக இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர் அவருடைய வரலாற்றை எழுதியோர்.

புனைபெயர் பிறந்த விதம்

கணித நூல்களைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட அவர், கவிதைகளுக்கும் கதைகளுக்கும் வேறொரு பெயரைச் சூட்டிக்கொள்ள விரும்பினார். 1856-ஆம் ஆண்டு, தம் கவிதையை வெளியிட இருந்த இதழாசிரியருக்குச் சில பெயர்களை எழுதி அனுப்பினார். அப்பெயர்களை அவர் ஆக்கிய முறை நாம் அறிந்து மகிழத்தக்கது.

தம் பெயரின் முற்பகுதியாகிய சார்லஸ் லட்விட்ஜ் என்பதில் உள்ள பதினைந்து ஆங்கில எழுத்துகளையும் பிரித்தார். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் வேறு வரிசையில் அடுக்கினார். எட்கர் கத்வெல்லிஸ் என்னும் புதிய பெயர் பிறந்தது! மற்றொரு வழியையும் கையாண்டார். சார்லஸ், லட்விட்ஜ் என்னும் இரண்டையும் இலத்தீன் மொழிக்கு மாற்றினார், முன்பின்னாகத் திருப்பினார், மீண்டும் ஆங்கில வடிவம் கொடுத்தார். லூயிஸ் கரோல் என்னும் பெயர் கிடைத்தது. இதழாசிரியர் இதனையே தேர்ந்தெடுத்தார். உலகப் புகழ் பெற்ற அப்பெயர் ஒரு சொல் விளையாட்டின் பயனாக விளைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எழுத்துகளை மாற்றியடுக்கும் இக்கலையை அவர் பின்னரும் விடவில்லை. வில்லியம் யூவர்ட் கிளாட்ஸ்டன் என்னும் புகழ்மிக்க அரசியல் தலைவரின் முழுப்பெயரில் உள்ள இருபத்தொரு எழுத்துகளையும் கலைத்து அடுக்கி, அவர் கட்டுக்கடங்காத கிளர்ச்சிக்காரர், எனினும் நல்லெண்ணம் உடையவர் என்று பொருள்தரும் சொற்றொடர் ஒன்றை 1868-ஆம் ஆண்டில் ஆக்கினார்.

படகிலே பிறந்த கதை

கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைவராக ஹென்றி லிடல் என்பவர் இருந்தார். அவர் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து கிரேக்க மொழிக்குப் பேரகராதி தொகுத்தவர். அந்த அகராதி ஆசிரியரின் மகளே ஆலிஸ்.

1862-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள், டாட்சன் தம் நண்பர் ஒருவருடன் லிடலின் புதல்வியர் மூவரையும் தேம்ஸ் ஆற்றில் படகில் அழைத்துச் சென்றார். வழியில் சிறுமியர் கதை கேட்டனர். அவரும் நினைத்தவாறெல்லாம் புனைந்து சொல்லிக்கொண்டே வந்தார். பத்து வயதுச் சிறுமியாகிய ஆலிஸ், அந்தக் கதையைத் தனக்காக எழுதித் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சிறுமியின் வேண்டுகோள்தானே என்று அவர் அலட்சியம் செய்யவில்லை. தம் கையாலேயே எழுதி, முப்பத்தேழு படங்களும் வரைந்து, 1864-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவளுக்குப் பரிசளித்தார்.

அந்தக் கதை விரிவுபடுத்தப்பட்டு 1865-ஆம் ஆண்டு அச்சில் வந்தது. ஜான் டெனியல் என்னும் ஓவியர் படங்கள் வரைந்தார். முதலில் அச்சிட்ட இரண்டாயிரம் படிகளில் அச்சு நன்றாக இல்லை என்று ஓவியர் குறை கூறவே, அவற்றைத் திரும்பப் பெற்று மீண்டும் அச்சிடச் செய்தார் கரோல். குழந்தைகளுக்கான நூல்தானே என்று குறையோடு விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை.

ஆலிஸ் கதையின் இரண்டாம் நூல் 1871-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதன் முடிவில் இருபத்தொரு அடிகள் கொண்ட கவிதை ஒன்று உள்ளது. ஒவ்வோர் அடியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகப் படித்தால், ஆலிஸ் பிளசன்ஸ் லிடல் என்னும் அச்சிறுமியின் முழுப்பெயர் வரும்! அந்நூலில் அவர் புதிதாகப் படைத்த சொற்களும் பல உண்டு. அவற்றுள் ஒருவகைச் சிரிப்பைக் குறிக்கும் ‘சார்ட்டில்’ என்னும் சொல், இன்று ஆங்கில அகராதிகளில் இடம் பெற்றுள்ளது.

தலை வாலான விந்தை

1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பொழுது போகவில்லை என்று குறைபட்ட இரு சிறுமியருக்காக அவர் ஒரு விளையாட்டை ஆக்கினார். ஒரே எண்ணிக்கையில் எழுத்துகளைக் கொண்ட இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முதற் சொல்லில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, படிப்படியாக இரண்டாம் சொல்லை அடைய வேண்டும். இடையில் வரும் ஒவ்வொன்றும் பொருளுள்ள சொல்லாக இருத்தல் வேண்டும். மிகக் குறைந்த படிகளில் அடைந்தவரே வென்றவர்.

எடுத்துக்காட்டாக, தலையை வாலாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தலை என்று பொருள்படும் ‘ஹெட்’ என்னும் சொல்லில் எச், இ, ஏ, டி என நான்கு எழுத்துகள் உள்ளன. கடைசி எழுத்தை ‘எல்’ ஆக்கினால் குணமாதல் என்னும் சொல் வரும். அதன் முதல் எழுத்தை ‘டி’ என்று ஒலிக்கும் இருபதாம் எழுத்தாக மாற்றினால், ஒருவகை நீர்ப்பறவையின் பெயர் வரும். அதிலுள்ள ‘ஏ’யை ‘எல்’ ஆக்கினால் சொல்லுதல் என்பது வரும். அதிலுள்ள ‘இ’யை ‘ஏ’ ஆக்கினால் உயரம் என்னும் பொருள் வரும். இரண்டு ‘எல்’களுள் முன்னதை ‘ஐ’ ஆக்கினால், ‘டெயில்’ என்னும் வால் வந்துவிடும்! ஐந்தே மாற்றங்களில் தலை வாலாகிவிட்டது. தாளில் எழுதிப் பார்த்தால் இதன் இன்பம் நன்கு விளங்கும்.

‘டப்லட்ஸ்’ என்று பெயரிடப்பட்ட இவ்விளையாட்டு, 1879-ஆம் ஆண்டு ‘வானிட்டி ஃபேர்’ என்னும் இலண்டன் வார இதழில் வெளியாயிற்று. பெரியவர்களும் போட்டி போட்டுக்கொண்டு ஆடினர். அவ்வாண்டே அது நூலாகவும் வந்தது.

கருவைக் கொடுத்துச் சொல்லைத் தேடுதல்

இனி, நாம் சிறப்பாகச் சொல்ல விரும்பிய விளையாட்டுக்கு வருவோம். 1880-களின் தொடக்கத்தில் கரோல் இருவர் ஆடும் ஒரு விளையாட்டை வெளியிட்டார். இளமையில் நடத்திய வீட்டு இதழின் பெயரையே அதற்கும் சூட்டினார். ஆம், அதன் பெயரும் ‘மிஷ்மாஷ்’ என்பதே.

ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகளைச் சொல்வார். அந்த எழுத்துக் கூட்டத்திற்குக் கரு என்று பொருள்படும் பெயரைக் கரோல் இட்டார். மற்றவர் அக்கருவைத் தன்னுள்ளே கொண்ட ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகள் அதே வரிசையில், இடையில் வேறெழுத்துப் புகாமல் இருத்தல் வேண்டும். அச்சொல் மக்கள் வழக்கில் அறிந்த சொல்லாக இருக்க வேண்டும். ஆள், ஊர் முதலியவற்றின் பெயராக இருக்கலாகாது.

கரோல் காட்டிய எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ‘ஜி, பி’ என்பது கரு. இவ்விரண்டும் அடுத்தடுத்து வரும் சொல் உண்டா என்று மலைப்போம். ‘மேக்பை’ என்னும் பறவையின் பெயருக்குள் அவை ஒளிந்திருக்கின்றன. ‘இ, எம், ஓ’ என்பது இன்னொரு கரு. எலுமிச்சையைக் குறிக்கும் ‘லெமன்’ என்னும் சொல்லில் அது இருக்கின்றது. ‘ஐ, எம், எஸ், இ’ என்பது மற்றொரு கரு. ‘ஹிம்செல்ஃப்’ என்னும் சொல்லில் அதனைக் காணலாம்.

நாமும் சில கருக்களை அமைத்துப் பார்ப்போம். ‘யு, பி, பி’ என்று கொடுத்தால், நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது ‘ரப்பர்’ என்னும் சொல்லாகத்தான் இருக்கும். நுரைக்குமிழியாகிய ‘பபிள்’ என்பதிலும், பிடிவாதத்தைக் குறிக்கும் ‘ஸ்டபர்ன்’ என்பதிலும் அதே கரு உண்டு. ‘டபிள்யு, கே, டபிள்யு’ என்று கொடுத்தால் பெரியவர்களும் திகைப்பார்கள். அசௌகரியமான நிலையைக் குறிக்கும் ‘ஆக்வர்ட்’ என்னும் சொல்லில் அம்மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ‘ஜி, எச், பி’ என்பதோ இன்னும் கடினமானது. அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்னும் சொல்லில் அது இருக்கின்றது. அச்சொல்லைச் சொல்லும்போது ஜியும் எச்சும் ஒலிப்பதே இல்லை. ஆகவே, காதால் தேடினால் அகப்படாது. எழுத்து வடிவத்தை மனக்கண்ணால் கண்டவருக்கே அகப்படும். இவ்வாறு இரண்டு மூன்று முறை ஆடிய பிள்ளை, அந்த ஒலிக்காத எழுத்துகளைப் பிறகு மறக்குமா?

இவ்விளையாட்டின் விதிகளுள் ஒன்று நம்மை மிகவும் கவர்கின்றது. கருவைக் கொடுப்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமக்கே தெரியாத கருவையும் அவர் கொடுக்கலாம். தேடுபவர் கண்டுபிடிக்கும் சொல், கொடுத்தவர் நினைத்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அத்தகைய சொல்லே கிடையாது என்று தேடுபவர் முடிவு செய்யவும் இடமுண்டு. கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர், கேள்வி கேட்பவர் விடை அறியாதவராக இருக்கலாம் என்று விதி வகுத்தார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். இங்கே கற்றவர், கல்லாதவர் என்னும் வேறுபாடு சிறுத்துப் போகின்றது. இருவரும் சேர்ந்து தேடுகின்றனர்.

சொற்களை எழுத்துகளால் கோத்தல்

1891-ஆம் ஆண்டு ‘சிசிஜி’ என்னும் மற்றொரு விளையாட்டையும் அவர் வெளியிட்டார். இரண்டு சொற்களை நுகத்தில் பூட்டுவது போல் இணைப்பதே இதன் நோக்கம். அடுத்தடுத்த சொற்களில் பொதுவான எழுத்துத் தொடர் ஒன்று இருக்க வேண்டும். தம் நூலிலே நண்பர்களாக வரும் ‘வால்ரஸ்’ என்னும் கடல் விலங்கையும் ‘கார்பென்டர்’ என்னும் தச்சனையும் அவர் இணைத்துக் காட்டினார். வால்ரசின் கடைசி மூன்று எழுத்துகளாகிய ‘ஆர், யு, எஸ்’, வாசித்தல் என்னும் பொருளுடைய ‘பெரூஸ்’ என்பதில் உள்ளன. பெரூசின் முதல் மூன்று எழுத்துகளாகிய ‘பி, இ, ஆர்’, யாழ் வாசிப்பவரைக் குறிக்கும் ‘ஹார்ப்பர்’ என்பதில் உள்ளன. ஹார்ப்பரிலுள்ள ‘ஏ, ஆர், பி, இ’ என்னும் நான்கும் கார்பென்டரில் உள்ளன. கடல் விலங்குக்கும் தச்சனுக்கும் இடையே இரண்டே சொற்களால் பாலம் கட்டிவிட்டார்!

எழுத்துகளைச் சதுரங்கப் பலகையின் மேல் நகர்த்திச் சொற்களை ஆக்கும் விளையாட்டு ஒன்றை அமைக்கலாமே என்னும் எண்ணமும் 1880-ஆம் ஆண்டிலேயே அவருக்குத் தோன்றியது. அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் எழுத்துகளைப் பலகையில் அடுக்கும் விளையாட்டு ஒன்றைத் தாமாகவே ஆக்கினார். 1948-ஆம் ஆண்டு ‘ஸ்கிராபிள்’ என்னும் பெயர் பெற்று அது உலகெங்கும் பரவியது.

உறங்காத இரவுகள்

கரோலுக்குப் பல இரவுகளில் உறக்கம் வருவதில்லை. அத்தகைய வேளைகளில் வேண்டாத எண்ணங்கள் மனத்தை வாட்டாதிருக்கும் பொருட்டு, இருளில் படுத்தவாறே கணக்குகளைப் போட்டார். அவ்வாறு மனத்திலேயே போட்ட எழுபத்திரண்டு கணக்குகளை 1893-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். நள்ளிரவில் தோன்றும் எண்ணங்களை விளக்கேற்றாமலே எழுதிக்கொள்ள 1891-ஆம் ஆண்டு ஒரு கருவியையும் செய்தார். பதினாறு சதுரத் துளைகள் கொண்ட அட்டை அது. துளைக்குள் புள்ளிகளும் கோடுகளும் இட்டு எழுதுவதற்குத் தனி எழுத்து முறையையும் வகுத்தார்.

கடிதம் எழுதுவதிலும் அவர் ஓயாதவர். 1861-ஆம் ஆண்டின் முதல் நாள் தொடங்கி, அனுப்பிய கடிதங்களையும் பெற்ற கடிதங்களையும் ஒரு பதிவேட்டில் எண்ணிட்டுக் குறித்து வந்தார். இறுதியில் அந்த எண்ணிக்கை 98,721-ஐ எட்டியிருந்தது. நாவால் தடையின்றிப் பேச இயலாத அந்த மனிதர், எழுத்தால் எத்தனை பேருடன் உரையாடினார் என்பதை இந்த எண் நமக்கு உணர்த்துகின்றது.

ஈகைக் குணமும் அவரிடம் இருந்தது. ஆலிசுக்குப் பரிசளித்த கையெழுத்துப் படியை 1886-ஆம் ஆண்டு அப்படியே அச்சிட்டு வெளியிட்டபோது, அதன் இலாபத்தை நோயுற்ற குழந்தைகளைப் பேணும் மருத்துவமனைகளுக்கென ஒதுக்கினார். 1868-ஆம் ஆண்டு தந்தையார் மறைந்ததும், தம் சகோதரிகளுக்குக் கில்ட்ஃபோர்டு நகரில் வீடு ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்து ஆதரித்தார்.

அந்த வீட்டிலேயே 1898-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள், சளிக்காய்ச்சலும் அதனைத் தொடர்ந்த நுரையீரல் அழற்சியும் கண்டு அவர் இயற்கை எய்தினார். அறுபத்தாறு வயது நிறைவதற்கு இரண்டு கிழமைகளே எஞ்சியிருந்தன. கில்ட்ஃபோர்டு நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1982-ஆம் ஆண்டு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், கவிஞர்களுக்குரிய பகுதியில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

நாம் பெறும் படிப்பினை

மாணவமணிகளே! இன்று நாம் கொடுக்கும் எழுத்துகளைக் கொண்ட சொற்களையெல்லாம் கணினி நொடிப்பொழுதில் பட்டியலிட்டுக் காட்டிவிடும். அதனைப் பார்த்து எழுதினால் சொல் தாளில் ஏறும், மனத்தில் ஏறுமா? ஒரு கருவை வைத்துக்கொண்டு, இந்தச் சொல்லில் இருக்குமோ, அந்தச் சொல்லில் இருக்குமோ என்று தேடும்போது, தேடிக் கிடைக்காத சொற்களையும் நாம் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பார்த்து விடுகிறோம். ஒரு சொல்லைத் தேடப் போய் பத்துச் சொற்களைக் கற்றுத் திரும்புகிறோம்.

இவ்விளையாட்டைத் தமிழிலும் ஆடலாம். ‘ங், கா’ என்று கொடுத்துப் பாருங்கள். மாங்காய், தேங்காய், வெங்காயம், அங்காடி, சிங்காரம் எனச் சொற்கள் வரிசையாக வரும். மலாய் மொழியிலும் ஆடலாம். மூன்று மொழிகளையும் கற்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு இன்பம் உண்டு.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் எழுந்து மரம் சீவியும், செம்பனைத் தோட்டத்தில் உழைத்தும் களைத்து வரும் நீங்கள், எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது என்று வருந்துவதை நாம் அறிவோம். கரோல் வகுத்த அந்த விதியை நினைத்துப் பாருங்கள். கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் தேநீர் கலக்கும்போது, அடுக்களையிலிருக்கும் மைலோ டின்னின் மீதுள்ள கடைசி மூன்று எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டி, இவை உள்ள வேறு சொல்லைக் கண்டுபிடி என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அது போதும். பிள்ளை சிந்திக்கும், நிறுவையில் வரும் ‘கிலோ’வைக் கண்டுபிடிக்கும், விமானம் ஓட்டும் ‘பைலட்’டையும் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் காட்டிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் அதில் இருக்கின்றனவா என்பதை உங்கள் கண்களாலேயே சரிபார்க்கலாம். பிள்ளையின் பொருட்டு நீங்களும் நாளடைவில் சில சொற்களை அறிந்து கொள்வீர்கள்.

பேச எழுந்தால் நா தடைப்பட்ட ஒரு சிறுவர், சோர்ந்து மூலையில் ஒதுங்காமல், தாளையும் எழுதுகோலையும் துணையாகக் கொண்டார். அவர் விட்டுச் சென்ற விளையாட்டுகளுக்கும் அவ்விரண்டைத் தவிர வேறு பொருள் எதுவும் தேவையில்லை. நம் வகுப்புகளிலும் பேசத் தயங்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்து நகைக்காமல், அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு கருவைக் கொடுங்கள். அவர்கள் கொடுக்கும் கருவுக்கு நீங்களும் சொல்லைத் தேடுங்கள். இதுவே அந்த அறிஞருக்கு நாம் செய்யும் சிறந்த நன்றியாகும்.